சித்திரைக்கு ஒரு நிறம்

'பெண்களுக்கு மட்டும்' என்று எழுதிய கண்ணாடிக் கதவுக்கு வெளியே, ஆறு மாதத்தில் மூன்றாம் முறையாக மாயவன் வந்து நின்றார்.

பாப்பாத்திக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

வடக்கனந்தல் பக்கம் கரும்புக்குத் தண்ணீர் கட்டுகிற மனிதர். கள்ளக்குறிச்சியில் அவள் வைத்திருக்கிற பியூட்டி பார்லருக்கு வந்து, இடது கையை நீட்டி, இதே நிறத்தில் பவுண்டேஷன் வேண்டும் என்பார். யாருக்கு என்று மட்டும் வாயைத் திறக்கமாட்டார்.

ஐப்பசி மழையில் வந்தபோது கை மாநிறம். மார்கழியில் கல்வராயன் மலைக்கு மரவள்ளிக் காவலுக்குப் போய் வந்தவருக்குப் பனியில் தோல் சாம்பல் பூத்திருந்தது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் கலந்து கொடுத்தாள். இப்போது சித்திரை. கை சட்டிக்கரியாகக் கறுத்திருந்தது.

இவர் கறுத்தால் பூசிக்கொள்கிறவளும் கூடவே கறுப்பாளா? பாப்பாத்தி மண்டையைக் குடைந்துகொண்டாள். மலையில் ஒருத்தி இருக்கிறாள் என்றுதான் கடைசியில் முடிவு கட்டினாள்.

மரியாதையும் தெரியாத ஆள். டப்பாவை வாங்குவதும் பீச்சாங்கை, காசு நீட்டுவதும் பீச்சாங்கை. சோற்றுக்கை எப்போதும் துண்டுக்கடியில் தூங்கும். போன முறை முகத்துக்கு நேராகவே திட்டிவிட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

"நாளைக்கு எம் பொண்ணுக்குக் கல்யாணம்மா. வேர்த்தாலும் தண்ணி ஊத்தினாலும் கலையக் கூடாது."

பெண்ணுக்குக் கல்யாணம், இவர் எவளுக்கோ பூச்சு வாங்குகிறார்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாருக்குன்னு சொல்லுண்ணே. மூஞ்சியப் பாக்காம இன்னாத்தக் கலக்கறது?"

மாயவன் தெருவை ஒருமுறை பார்த்தார். பிறகு துண்டை எடுத்தார்.

வலது கை மணிக்கட்டு வரைதான் அவருடையது. மிச்சத்தைக் கரும்பு பிழிகிற மெஷின் எப்போதோ எடுத்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் இலவச முகாமில் கொடுத்த வெளிறிய ரப்பர் கை. அதன்மேல் மார்கழியில் பூசியது திட்டுத்திட்டாக உரிந்திருந்தது.

"தாரை வாக்கணும்ங்க. ரெண்டு கையாலயும்."

பாப்பாத்திக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

கதவை அகலத் திறந்து, மணப்பெண்களை உட்காரவைக்கிற நாற்காலியில் அவரை உட்காரவைத்தாள். மூன்று நிறங்களைக் கலந்து, அவருடைய இடது கையில் தொட்டுப் பார்த்துப் பார்த்துப் பூசினாள். காய்ந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றினாள். கலையவில்லை.

இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஏதோ ஒன்று இன்னும் ஒட்டவில்லை.

புருவம் தீட்டுகிற பென்சிலை எடுத்து, ரப்பர் நகங்கள் ஐந்திலும் வயல் அழுக்கு வரையத் தொடங்கினாள்.