வெறும் பேர்

“வெறும் பேரைச் சொல்லிக் கூப்பிடாதீங்க. ‘மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர்’னு முன்னால சேர்த்துக்குங்க.”

சொன்னவர் எம்.எல்.ஏ.வின் உதவியாளர் சங்கரலிங்கம். சென்னையிலிருந்து வந்து வேலையில் சேர்ந்து நாலு நாள்தான் ஆகிறது. எம்.எல்.ஏ. மரத்தடியில் நின்ற காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

நெய்வேலி கோர்ட் வாசலில் பேர் கூப்பிட நின்ற டவாலி கொளஞ்சியப்பன், தோளிலிருந்த சிவப்புப் பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

“இங்க எல்லாருக்கும் வெறும் பேர்தாங்க. மைன்ஸ் ஆபீசரா இருந்தாலும் சரி, முந்திரி திருடினவனா இருந்தாலும் சரி.”

“எண்பதாயிரம் ஓட்டு வாங்கினவருய்யா அவரு! உள்ள உக்காந்திருக்காங்களே மாஜிஸ்திரேட்டம்மா, அவங்க எத்தன ஓட்டு வாங்கினாங்க?”

“ஒண்ணுகூட இல்லீங்க. அதனாலதான் யார் மூஞ்சியையும் பார்த்துத் தீர்ப்பு சொல்ல வேண்டியதில்ல.”

“ரிட்டயராவுற வயசுல எங்கியாவது தூக்கியடிச்சா தெரியும்.”

“என்னை மாத்தணும்னா ஜில்லா ஜட்ஜ்தாங்க மாத்தணும். அந்த ஆர்டர் கட்சி ஆபீஸ்ல கெடைக்காது.”

பக்கத்தில் நின்ற வக்கீல் குமாஸ்தா ராயப்பன் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

பேச்சு வீராப்பாக இருந்தாலும் கொளஞ்சியப்பனின் கண் அடிக்கடி காரின் பக்கமே போனது. நிலம் கொடுத்தவர்களுக்கு மைன்ஸில் பெர்மனென்ட் வேலை கேட்டு, கம்மாபுரத்தில் நடந்த சாலை மறியல் வழக்கு அது. எம்.எல்.ஏ. மேல் 2011 தேர்தலுக்கு முன்னால் போட்டது. ஜெயித்த பிறகு இரண்டு வாய்தாவுக்கு அவர் வரவில்லை. போன மாதம் பொறுப்பேற்ற மாஜிஸ்திரேட் ஸ்டெல்லா, இன்றைக்கும் வராவிட்டால் பிடிவாரண்ட் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

மணி பதினொன்று. உள்ளிருந்து பெஞ்ச் கிளார்க் தலையசைத்தார்.

“பாலகுமார்!”

கார்க் கதவு திறக்கவில்லை.

“பாலகுமார்!”

சங்கரலிங்கம் முறைத்தார். “கார்கிட்ட போய் மரியாதையாக் கூப்பிடுய்யா!”

கொளஞ்சியப்பன் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. இன்னும் ஒரு தடவைதான். அதற்கும் வராவிட்டால் வாரண்ட்தான். கனைத்துக்கொண்டு, டவுன்ஷிப்புக்கே கேட்கிற மாதிரி குரலெடுத்தார்.

“பாலகுமார்!”

கதவு திறந்தது. எம்.எல்.ஏ. கட்சித் துண்டைக் கழற்றி சீட்டில் போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். வாயைத் திறக்கப்போன உதவியாளரைக் கையமர்த்திவிட்டு, நேராக உள்ளே போய்க் கூண்டில் ஏறிக் கும்பிட்டார்.

கொளஞ்சியப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். சங்கரலிங்கம் அவர் பக்கத்திலேயே நின்றார்.

“உங்க பேர்?” என்றார் மாஜிஸ்திரேட்.

“பாலகுமாருங்கம்மா.”

“தகப்பனார் பேர்?”

எம்.எல்.ஏ. வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு கோர்ட் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

“கொளஞ்சியப்பனுங்கம்மா. இப்ப என்னைக் கூப்பிட்டாரே, அவர்தான்.”