இரண்டாமவர்

தன் வாக்கு அந்தப் பெண்ணுக்குத்தான் என்று விமலாதேவி முடிவு செய்துவிட்டாள். சற்றுமுன் மடிக்கணினித் திரையில் பேசிய அந்தச் சிறுநீரக நோயாளிக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். நாலு வார்த்தை பேசுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

வவுனியாவில் நெடுநாள் நோயாளர்களுக்கென்று ஓர் இல்லம் இருந்தது. டென்மார்க்கின் வைலே நகரத்துத் தமிழ்ச் சபைதான் அதைத் தாங்கி வந்தது. றோல்ஸ் பொரித்து விற்றும், கடற்கழிக் கரையோரம் நடைபவனி வைத்தும் அதற்கு நிதி சேர்ப்பவள் விமலாதேவி.

இம்முறை காலியாக இருந்தது ஒரே ஒரு கட்டில். கேட்டவர்கள் இரண்டு பேர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நிதி கொடுப்பவர்கள் கையுயர்த்தித் தேர்ந்தெடுப்பார்கள். தெரிந்தவருக்கு வாக்கு விழக்கூடாது என்று யாருடைய பெயரையும் சொல்வதில்லை. முதலாமவர், இரண்டாமவர், அவ்வளவுதான். நோயாளியிடம் வீடியோவில் பேசுவது மட்டும் இந்த வருடம் பாஸ்டர் தேவதாசன் புதிதாகக் கொண்டுவந்தது.

“இனி இரண்டாமவர்,” என்றார் பாஸ்டர்.

முன்வரிசையில் இருந்த அவள் கணவன் ஜோன்சன் எழுந்தான். “டொக்டற்ர கடிதம் போதும்தானே பாஸ்டர்? வருத்தக்காரனை ஏன் கஸ்ரப்படுத்துவான்?”

“ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரித்தான் செய்யவேணும் ஜோன்சன். விமலாக்கா, நீங்களே கேளுங்கோ.”

அவள் கேள்வித்தாளுடன் மடிக்கணினி முன் உட்கார்ந்தாள். திரை கலங்கித் தெளிந்தது. தலையணையில் ஒரு முகம். நரைத்த தாடி. இடது புருவத்தின் மேல் பழைய வெட்டுத் தழும்பு.

விமலாதேவி திரைக்கு அருகில் குனிந்தாள். துஷாந்தன்!

பதினேழு வருடங்களுக்கு முன், அவன் ஷெல்லடியில் செத்துவிட்டான் என்று அகதி முகாமில் வைத்துச் சொன்னார்கள். உடலை அவள் காணவில்லை. பிறகு டென்மார்க் மாப்பிள்ளை பொருந்தியபோது, முன்பு ஒரு கலியாணம் நடந்ததையே வெளியில் விடாதே என்றாள் தாய். விமலாதேவியும் விடவில்லை. பதினான்கு வருடம் ஜோன்சனோடு வாழ்ந்து, இரண்டு பிள்ளைகளைப் பெற்று, இன்றுவரை வாய் திறக்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் மண்டபம் நிறையச் சனம். அதில் ஜோன்சனும் இருக்கிறான். திரையில் இருப்பவன் ‘விமலா’ என்று ஒருமுறை கூப்பிட்டால் போதும்.

மூடியைச் சாத்திவிடலாமா என்று விரல் துடித்தது. அதற்குள் துஷாந்தனின் கண்கள் அவளைக் கண்டுவிட்டன. அவன் இமைக்கவில்லை.

“சத்தம் கேக்குதோ தம்பி?” பாஸ்டர் குனிந்து கேட்டார்.

“ஓம். வடிவாய்க் கேக்குது.”

அந்தக் குரல்கூட மாறவில்லை. அவள் முதல் கேள்வியை வாசித்தாள். “எவ்வளவு காலமாய்ப் படுக்கையில இருக்கிறீங்கள்?”

“பதினேழு வருசம். முள்ளந்தண்டில ஷெல் துண்டு. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லை. அம்மாதான் பாத்தவ. மாசியில அவவும் போயிட்டா.”

அடுத்த கேள்வியைப் பார்த்தாள். எழுத்து எதுவும் பிடிபடவில்லை. பாஸ்டரே அதை வாங்கி வாசித்தார்.

“வேற சொந்தம் ஆரும் இருக்கினமோ? கலியாணம் கட்டினனீங்களோ?”

விமலாதேவி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். துஷாந்தன் இன்னமும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கட்டினனான் பாஸ்டர். அவ செத்துப்போனா. முகாமுக்கு வரமுதலே.” கொஞ்சம் மூச்செடுத்துவிட்டுச் சொன்னான். “நல்ல பிள்ளை.”

திரை அணைந்தது. எப்படி எழுந்து வந்து ஜோன்சனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“முதலாமவருக்கு ஆர்?” சில கைகள் எழுந்தன. மூச்சு வாங்கிய அந்தப் பெண்ணின் முகம் ஒருகணம் வந்து நின்றது. விமலாதேவி கையை உயர்த்தவில்லை.

“இரண்டாமவருக்கு?”

இப்போதும் கை மடியைவிட்டு வர மறுத்தது. உயர்த்தினால் அழுதுவிடுவாள். அழுதால் ஏன் என்று ஜோன்சன் கேட்பான். கேட்டால் எல்லாம் முடிந்தது.

பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. ஜோன்சனுடையது. அதைப் பார்த்துப் பின்வரிசைகளிலும் கைகள் மளமளவென்று எழுந்தன.

முகத்தைத் திருப்பாமலே அவன் அவள் பக்கம் சாய்ந்தான்.

“கையை உயர்த்தும் விமலா. போன வருசம் ஊரில உம்மட தங்கச்சி எல்லாம் சொன்னவ, அவர் உயிரோட இருக்கிறதையும். அவற்ர பேரைக் குடுத்ததே நான்தான்.”