நீதிமன்றப் பாதுகாப்பில்

வரலாற்று வாத்தியாருக்கு அன்று வாழ்வா சாவா என்கிற நாள்.

மாதிரி நீதிமன்றப் போட்டி. மாணவர்களே வக்கீல், சாட்சி, குற்றவாளி என்று வேடம் கட்டி இன்னொரு பள்ளியோடு வழக்காட வேண்டும். அவர் தயார் செய்த குழு ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. "இந்தத் தடவையும் தோத்தீங்கன்னா குழுவைக் கலைச்சுட்டு, அந்த நேரத்தைக் கணக்கு டீச்சருக்குக் குடுத்துடுவேன்" என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்.

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வில் மண்ணைக் கவ்வியவருக்கு, வக்கீல் ஆசையில் மிச்சமிருந்தது அந்தக் குழு ஒன்றுதான். அது அவருக்கே தெரியும். மனைவிக்கு அதைவிட நன்றாகத் தெரியும். "வீட்ல ஒரு கேஸ்லயாவது ஜெயிச்சிருக்கீங்களா? இவர் ஊருக்கு வாதாடக் கத்துக்குடுக்கறாராம்!" என்பாள். அவர் மேல்முறையீடு செய்வதில்லை.

இந்த வருட வழக்கு, வெள்ளிக் கோப்பைத் திருட்டு. தத்ரூபமாக இருக்கட்டும் என்று, தலைமையாசிரியையின் கண்ணாடி அலமாரியில் இருந்த அசல் வெள்ளிக் கோப்பையையே சான்றுப் பொருளாகக் கெஞ்சி வாங்கியிருந்தார். வாங்கினவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? முடிவெட்டும் கடையில் உட்கார்ந்து, ஜட்ஜைப் போனிலேயே பிடித்த கதையிலிருந்து கோப்பையின் எடை வரைக்கும் அளந்தார். பக்கத்து நாற்காலியில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு இருந்தவர்கூட, "அடேங்கப்பா! எத்தனை மணிக்கு சார் விசாரணை?" என்று அக்கறையாகக் கேட்டார்.

வாத்தியாரின் பயமெல்லாம் குற்றவாளியைப் பற்றித்தான். அந்த வேடம் 'வாலு'வுக்கு. போன மாதம் பள்ளி மணியின் நாக்கைக் கழற்றி ஒளித்துவைத்து எல்லாரையும் அலற விட்ட பெண். கோப்பையைப் பார்த்ததும் அவள் கண் மின்னியதை அவர் கவனித்தார்.

"இன்னைக்கு ஏதாவது வாலாட்டினே, தொலைச்சுடுவேன்!"

"திருடியா நடிக்கத்தானே சார் சொன்னீங்க? நீங்களே நிஜமா சந்தேகப்பட்டா எப்படி?" என்று பல்லைக் காட்டினாள்.

நம்புவாரா அவர்? இரண்டு மாணவர்களை அவளுக்குப் பின்னால் நிறுத்தினார். "கோப்பையைப் பாக்க வேணாம். இவளைப் பாத்தா போதும்."

ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரைத் தொலைபேசியிலேயே பேசிப் பிடித்திருந்தார். பத்து மணிக்குச் சொன்ன விசாரணைக்கு, மனிதர் ஒன்பதுக்கே கறுப்பு அங்கியோடு வந்து நின்றார். "காத்திருக்கிறது எனக்குப் பிடிக்காது. ஆரம்பிச்சுடலாமா?"

என்ன கடமையுணர்ச்சி! அங்கி முழங்காலோடு நின்றுவிட்டதே என்று பட்டது. பென்ஷன் வாங்குகிறவர் புதிதாகவா தைத்துக்கொள்வார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். எங்கேயோ பார்த்த முகமாகவும் இருந்தது. பத்திரிகையில் பார்த்திருப்போம் என்று அதற்கும் ஒரு சமாதானம்.

வாலு சும்மா இருக்கவில்லை. "ஐயா, நீங்க எந்த கோர்ட்ல இருந்தீங்க?"

வாத்தியாருக்கு உயிரே போய்விட்டது. அவளைத் தனியே இழுத்துப் போனார். "வருஷம் பூரா என்ன சொல்லிக்குடுத்தேன்? சாட்சியைக் கேளு, போலீஸைக் கேளு, டாக்டரைக் கேளு. ஜட்ஜை மட்டும் கேள்வி கேக்கக் கூடாது!"

நீதிபதி சிரித்தார். "பரவாயில்ல, விடுங்க. ஆனா அந்தப் பொண்ணு மேல ஒரு கண்ணு இருக்கட்டும்."

எதிர்ப்பள்ளிக் குழுவும் முன்னாலேயே வந்திருந்ததால் உடனே ஆரம்பித்த விசாரணை பறந்தது. எதிர்ப்பள்ளிப் பெண் "ஆட்சேபணை" என்று வாயைத் திறக்கும் முன்பே, "உட்காரும்மா" என்றார் நீதிபதி. கூண்டில் நின்று வாலு அழுத அழுகையில் வாத்தியாரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் தீர்ப்பு வந்தது.

"இத்தனை பேர் கண் எதிரே ஒருவர் கோப்பையைத் திருடிக்கொண்டு போவது நடக்கக்கூடிய காரியமே அல்ல. குற்றம் சாட்டப்பட்டவரை விடுதலை செய்கிறேன். இந்தப் பள்ளியே வெற்றி பெற்றது!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. "கணக்கு டீச்சர் கிட்ட நானே சொல்லிக்கிறேன் சார்" என்றார் தலைமையாசிரியை. வாத்தியார் தரையில் நிற்கவில்லை.

நீதிபதி தொண்டையைக் கனைத்தார். "ஒரு சின்ன நடைமுறை. மேல்முறையீட்டுக்கு அவகாசம் இருக்கு. அதுவரைக்கும் சான்றுப் பொருள் நீதிமன்றப் பாதுகாப்புல இருக்கணும். நாளைக்கு அனுப்பி வைக்கிறேன்."

தலைமையாசிரியை வாத்தியாரைப் பார்த்தார். "விதி அப்படித்தான் மேடம். முதல் வகுப்புலயே நடத்தியிருக்கேன்" என்றார் அவர். கூடம் முழுக்க எழுந்து நின்று தலை வணங்கியது. வாத்தியாரே கோப்பையைத் துணியில் சுற்றி, வாசல் வரை சுமந்துபோய், கார்க் கதவைத் திறந்துவிட்டு, சீட்டில் பத்திரமாக வைத்துக் கும்பிட்டார்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினார். வாலுவின் பின்னால் அந்த இருவரும் இன்னும் காவல் நின்றார்கள். "இவ அசையவே இல்ல சார்!"

"அதான் எனக்கு வேணும்" என்றார் வாத்தியார்.

அப்போதுதான் வாசலில் வயதான ஒருவர் வந்து நின்றார். கையில் மடித்த கறுப்பு அங்கி. கடிகாரத்தைப் பார்த்தார், கலைந்துகொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார்.

"போன்ல பேசினோமே, ஜட்ஜ். பத்து மணின்னுதானே சொன்னீங்க? சரியாத்தானே வந்திருக்கேன். ஏன் சார் எல்லாரும் கிளம்பறாங்க?"

வாத்தியாருக்குச் சோப்பு நுரைக்குள் பார்த்த முகம் இப்போது நினைவுக்கு வந்தது. வாலு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு நீதிபதியைக் கேள்வி கேட்டார்.

"ஐயா, நீங்க எந்த கோர்ட்ல இருந்தீங்க?"