விரிசலோட வந்த பல்செட்

"உள்பக்கத்தைக் காட்டுங்கன்னா மறுபடியும் முன்பக்கத்தையே காட்டுறீங்களே!"

"ஏட்டி, என் பல்செட்டுல எது உள்பக்கம்னு எனக்குத் தெரியாதா?"

சண்டை மூணாவது வீடு வரைக்கும் கேட்டுச்சு. கோமதிநாயகம் முறுக்கைக் கடிச்சதுல பல்செட்டு விரிசல் விட்டுப்போச்சு. இப்பல்லாம் பல் டாக்டர் எங்க இருக்காரு? பழசைச் சுத்திச் சுத்திப் படம் எடுத்து அனுப்பினா, மெஷின் புதுசு அச்சடிச்சு வாசல்ல வச்சிட்டுப் போயிடும். அவ்ளோ வசதி.

ஞாயித்துக்கிழமை சம்பந்தி வீட்டுல கிடா விருந்து. மகளைக் கட்டிக் குடுத்தப்புறம் முதல் விருந்து. அங்க போயி உக்காந்து, ரசஞ்சோறு போதும்னு சொல்ல முடியுமா?

பொண்டாட்டி செண்பகம் பல்செட்டைச் சப்பாத்திப் பலகையில வச்சு சுத்திச் சுத்தி எடுத்தா. ஒவ்வொரு படத்துக்கும் போன் நன்றி சொல்லிட்டு, "இன்னும் ஒரே ஒரு கோணம்"னுச்சு. கல்யாணத்துலகூட மனுஷனை இத்தனை படம் எடுக்கலை. விரிசலை டார்ச் அடிச்சு, கிட்டக்க வச்சு எடுக்கச் சொல்லுச்சு. அதையும் எடுத்தாங்க.

வெள்ளிக்கிழமை புதுசு வந்துச்சு. பளபளன்னு, அச்சு அசலா இருந்துச்சு. அதே இடத்துல அதே விரிசல். இடுக்குல இருந்த முறுக்குத் துணுக்கைக்கூட விடலை.

புகார் குடுத்தா, "விரிசலை எல்லாப் பக்கமும் படம் எடுத்து அனுப்புங்க"ங்குது.

நாளன்னிக்கு விருந்து. உங்க வீட்டுல யாருக்காவது பல்செட்டு விரிசல் இல்லாம வந்திருந்தா, எந்தப் பக்கத்தைப் படம் எடுக்காம விட்டீங்கன்னு கொஞ்சம் கமெண்டுல சொல்லுங்க. அந்த மனுஷன் காத்துக்கிட்டு இருக்காரு.