வடக்கு ஜன்னல் வெளிச்சம்

“இறக்குடா அந்தப் படத்தை.”

கண்காட்சிக் கூடமே திரும்பிப் பார்த்தது. ஷிஷ்கோவ் பேட்டையில் பன்றிக்கறிக் கடை வைத்திருக்கும் ருஷேனா, கறுப்புக் கோட்டும் கறுப்புக் கையுறையுமாக, குடையை ஓங்கிப் பிடித்துக்கொண்டு படத்தின் முன்னால் நின்றாள். ஓவியன் ஓடாகருக்கு ரத்தம் தலைக்கேறியது.

படத்தில் இருப்பது அவள் புருஷன் ஹினெக். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓடாகர் வரைந்த முதல் பெரிய உருவப்படம். ஏப்ரன் நல்ல வெள்ளை. முகம் மட்டும் மஞ்சள், தாடையோரம் பச்சை. விழியின் வெள்ளைகூட மஞ்சள்தான். இப்படி ஒரு நிறம் கைக்கு வந்த சந்தோஷத்தில் அப்போது அவனுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

ஹினெக்கின் குடும்பமே படத்தின் முன்னால் கூடி நின்று வயிறு வலிக்கச் சிரித்தது. புது மாதிரி ஓவியர்கள் மரத்துக்கு நீலம் அடிப்பார்கள், மாட்டுக்குச் சிவப்பு அடிப்பார்கள், மனுஷனுக்கு மட்டும் என்ன குறைச்சல் என்று கேலி வேறு. ஹினெக்கும்தான் சிரித்தார். கடைசியில் அந்தப் படத்தை நிலவறையில் முட்டைக்கோஸ் ஊறும் பீப்பாய்க்கு மூடியாகப் போட்டவள் இதே ருஷேனா. போன மாசம்தான் ஓடாகர் ஆள் அனுப்பி, கெஞ்சிக் கூத்தாடி, இரவல் வாங்கி இங்கே மாட்டியிருக்கிறான்.

இன்றைக்குப் பார்த்தா இவள் வர வேண்டும்? பாரிஸுக்கு அனுப்ப ஒரு ஓவியனைத் தேர்ந்தெடுக்க வந்த பெரியவர்கள் மூன்று பேரும் இரண்டடி தள்ளி நிற்கிறார்கள். நேற்றைய பத்திரிகை ‘ஊறுகாய் முகம்’ என்று எழுதித் தொலைத்தது போதாதா?

தொத்திறைச்சி அடைக்கிறவர்களுக்கு ஓவியத்தில் என்ன வேலை, வெளியே போங்கள் என்று கத்தினான். அவள் அசையவில்லை. குரல் மட்டும் இறங்கியது.

“ஒரே ஒரு வார்த்தை சொல்லு, போயிடறேன். சும்மா ஃபேஷனுக்குத்தானே அப்படிப் பூசினே? அவரு மூஞ்சி அப்படி இல்லதானே?”

பெரியவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். ஆமாம் என்றால் பாரிஸும் போச்சு, மானமும் போச்சு. எவ்வளவு திமிர் இருந்தால் என் வாயாலேயே என்னைப் போலி என்று சொல்லச் சொல்வாள் என்று அவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“ஃபேஷனா? உங்க கடையில பட்டப்பகல்லயும் காஸ் விளக்கு. அந்த மஞ்ச வெளிச்சத்துல எல்லா மூஞ்சியும் ஒண்ணுதான், உங்களுக்கு என்ன தெரியும்? என் ரூம்ல வடக்கு ஜன்னலோரம் மூணு வாரம் உக்கார வச்சுப் பாத்தேன். இருந்த மஞ்சளத்தான் வச்சேன். ஒரு சொட்டுகூட நானா சேக்கல.”

பெரியவர்களில் ஒருவர் மெச்சிக்கொண்டு தலையாட்டினார், சின்ன நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்று ஓடாகர் நிமிர்ந்தான்.

ருஷேனாவின் குடை மெல்லத் தாழ்ந்தது. பக்கத்து பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் போகவில்லை. ஆனால் கத்தும் தெம்பு போய்விட்டது.

ஹினெக்குக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் காலையில் இங்கே வந்தாராம். படத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டாராம். இந்த முகத்தோடு இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே அவரிடம் வந்திருந்தால் ஈரலைக் காப்பாற்றியிருக்கலாமாம். ஓவியன் இட்டுக்கட்டிப் பூசியிருந்தால் பரவாயில்லை, உண்மையாக இருந்தால்தான் பாவம் என்று கடைக்கே வந்து அவளிடம் சொல்லிவிட்டுப் போனாராம்.

“அவரப் புதைச்சு ஒம்பது நாளாச்சு” என்றாள்.

ஓடாகர் படத்தைத் திரும்பிப் பார்த்தான். மஞ்சள் விழிகள் சுவரிலிருந்து அவனையே பார்த்தன.

“நாங்க குருடுங்க, சிரிச்சோம். நீதான் பாத்துட்டியே, ஏன்டா சொல்லல?”