நீலக்கோடு மெத்தை

குப்பைமேட்டில் முழங்கால் வரை புதைந்து நான் ஒரு மெத்தையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

செஞ்சிக் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருப்பவரின் மனைவி செய்கிற வேலையா இது? நல்லவேளை, உச்சிவெயில். கோட்டைச் சுவரோரத்துப் பள்ளத்துக்கு அந்த நேரத்தில் பன்றியும் காக்காயும்தான் வரும்.

அவற்றோடு அமிர்தசாமியும் இருந்தான். பஞ்சாயத்துக் குப்பைவண்டி ஓட்டுகிறவன். எங்கள் தெருக் குப்பையை அள்ளிவந்து இங்கே கொட்டுவது அவன்தான். நான் குனிந்த இடத்திலெல்லாம் அவனும் வந்து மண்வெட்டியால் கிளறினான்.

அழுகின தக்காளி, மல்லாட்டைக் கடலைத் தோல், வெல்லம் கட்டிவந்த ஓலை, எச்சில் இலை. நாற்றம் குடலைப் பிடுங்கியது. நீலக்கோடு போட்ட மெத்தையை மட்டும் காணோம்.

அந்த மெத்தையில்தான் பதினெட்டு நாள் என் மகன் கிருஷ்ணமூர்த்தி படுத்துக் கிடந்தான். பெரியம்மை. அறுபத்து மூன்றாம் வருஷம், தை மாதம்.

மாரியாத்தா புண்ணியத்தில் பிழைத்துக்கொண்டான். அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீரும் ஊற்றியாகிவிட்டது. ஆனால் அந்தப் பதினெட்டு நாளும் நாங்கள் வாசலில் வேப்பிலை செருகவில்லை. செருகினால் கடைக்கு எவன் வருவான்? பிள்ளை அனந்தபுரத்து மாமா வீட்டில் இருக்கிறான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னோம்.

மெத்தையைக் கொல்லையில் போட்டுக் கொளுத்திவிடலாம் என்றுதான் என் வீட்டுக்காரர் சொன்னார். நான்தான் விடவில்லை. அம்மை வார்த்த வீட்டில் தாளிக்கக்கூட மாட்டோம். ஆத்தா வந்து தங்கின படுக்கையில் நெருப்பு வைப்பதா?

கடைக்காக ஆத்தாளை ஒளித்துவைக்கத் துணிந்தவளுக்கு, அவளைச் சுட மட்டும் பயம். என் பக்தி அந்த லட்சணத்தில் இருந்தது.

அதனால் வேப்பிலையை உதறி, கயிறு போட்டுச் சுருட்டி, வெள்ளிக்கிழமை விடியலில் குப்பையோடு குப்பையாகத் தெருமுனையில் வைத்தோம்.

நேற்று அம்மை குத்துகிறவர் தெருவுக்கு வந்தார். உதிர்ந்த பொருக்கு துணியில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் இருக்கும், அதில் யார் படுத்தாலும் பிடித்துக்கொள்ளும், கொளுத்தியே ஆகவேண்டும் என்று பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டு வந்திருந்தேன். ஆத்தா தண்டித்தால் தண்டிக்கட்டும். யாராவது எடுத்துப் போவதற்குள் அது என் கையில் கிடைக்க வேண்டும்.

எதற்காகத் தேடுகிறேன் என்று அமிர்தசாமி கேட்டபோது வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பையனின் வெள்ளி அரைஞாண் மெத்தைக்குள் சிக்கிக் குப்பைக்கு வந்துவிட்டது என்றேன்.

அவன் முகம் சுண்டிப்போனது. மெத்தை எதையும் பார்த்த ஞாபகமில்லை என்றான். நான் ஒன்றும் கேட்காமலே, தான் எதையும் எடுக்கிறவன் இல்லை என்றும் சொன்னான். கடைக்காரர் வீட்டில் வெள்ளி காணாமல் போனால் குப்பை அள்ளுகிறவனைத்தான் முதலில் பிடிப்பார்கள், பாவம், அந்தப் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

பேச்சை மாற்றுவதற்கோ என்னவோ, பெண் குழந்தை பிறந்து பன்னிரண்டு நாளாகிறது என்றான். அவன் மனைவி சவரியம்மாள் நிறைமாத வயிற்றோடு வந்து எங்கள் கொல்லைக் கதவைத் தட்டினது ஞாபகம் வந்தது. பிரசவத்துக்குப் பழந்துணி கேட்டாள். அம்மை இருக்கிற வீட்டிலிருந்து எதை எடுத்துக் கொடுப்பது? ஒன்றுமில்லை என்று கதவைச் சாத்தினேன். அதுவரைக்கும் நல்லவளாகத்தான் இருந்திருக்கிறேன்.

தைப் பனியில் தரை ஜில்லென்று இருக்க, ராவெல்லாம் வீறிட்டு அழுத குழந்தை இப்போது நாலு நாளாகச் சத்தமில்லாமல் தூங்குகிறதாம். சொல்லும்போது சிரித்தான். நான் சரியாகக் காதில் வாங்காமல் இலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது. நகக்கண்ணில் ரத்தம் வந்துவிட்டது. மானம் மரியாதையை எல்லாம் விட்டு அந்தக் குப்பையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அதைப் பார்த்து அவனுக்கு மனசு கேட்கவில்லை போலும். சனிக்கிழமை சிங்கவரத்துக்காரர்கள் மல்லாட்டை நிலத்துக்கு எருவென்று நாலு வண்டி குப்பை ஏற்றிக்கொண்டு போனார்கள், மெத்தையும் அதோடு போயிருக்கும் என்றான். இந்நேரம் ஏர் ஓட்டி மண்ணுக்குள் தள்ளியிருப்பார்கள் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

மண்ணுக்குள் என்றதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆத்தாளுக்கு நெருப்பு வைத்த பாவமும் இல்லை, அதில் ஒருவரும் படுக்கப்போவதும் இல்லை. கோட்டைக்குள் இருக்கிற ஆத்தா கோயில் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அந்த நிம்மதியில்தான் அவனிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. வெள்ளி, அரைஞாண் என்று ஏழையை வீணாகப் பயமுறுத்திவிட்டேனே.

"அரைஞாணும் இல்ல, ஒண்ணும் இல்ல, அமிர்தசாமி. எம்புள்ளைக்கு அம்மை வார்த்திருந்த மெத்தை அது. மண்ணுக்குள்ள போச்சே, அது போதும். நீ கைகால நல்லா கழுவிட்டு வூட்டுக்குப் போ."

அவன் போகவில்லை. மண்வெட்டியைக் கீழே வைத்தான். வேட்டியில் கைகளைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி மறுபடி துடைத்தான்.

"அது சிங்கவரத்துக்குப் போவலம்மா" என்றான்.