கேஜ் சரியா இருக்கா?

கர்ப்பம் பார்க்கும் கிட்டில் இரண்டு கோடு விழுந்தும் சௌமியா நம்பவில்லை. ஓசூரில் ஒரு கம்பெனியில் எட்டு வருஷமாகக் குவாலிட்டி செக்கிங் பார்க்கிறவள். எதையும் சந்தேகப்பட்டே பழகிவிட்டது.

"கிட்டே தப்பா இருந்தா? எங்க கம்பெனில, அளக்குற கேஜ் சரியான்னு, அளவு தெரிஞ்ச ஒரு பீஸை வச்சு முதல்ல பாப்போம்க்கா. அதுக்குப் பேரு மாஸ்டர் பீஸ்" என்றாள் ஓரகத்தி ராஜாத்தியிடம்.

"அப்போ, நிச்சயமா இல்லைன்னு தெரிஞ்ச ஆளு வேணும். அதுக்குத்தான் நான் இருக்கேனே!" ராஜாத்தி சிரித்தாள். "பெங்களூரு வரைக்கும் போயி டாக்டருங்களைப் பாத்தாச்சு. பதினாலு வருசமா ஒத்தைக் கோடுதான். என்னைவிட நல்ல மாஸ்டர் பீஸ் எங்க கெடைக்கும்? இன்னொரு கிட்டைக் குடு."

சௌமியா தடுப்பதற்குள் பிடுங்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்விட்டாள்.

ஐந்து நிமிஷத்தில் வந்தாள். அவளுடையதிலும் இரண்டு கோடு, பளிச்சென்று.

"எனக்கே ரெண்டு கோடு காட்டுது பாரு! தூக்கிக் குப்பையில போடு கண்ணு." ராஜாத்திக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சௌமியாவுக்குத்தான் அழுகை முட்டியது.

மறுநாள் ராஜாத்தியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நடந்ததைக் கேட்ட டாக்டரம்மா இரண்டு பேருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார்.

"துணைக்கு வந்தவளுக்கும் ஊசியா?" என்று முணுமுணுத்தபடி ராஜாத்தி கையை நீட்டினாள்.

சாயங்காலம் ரிசல்ட் வந்தது. சௌமியா தன்னுடையதைப் படித்தாள். அடுத்ததையும் படித்தாள். பிறகு ராஜாத்தியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, கேஜ்ல ஒரு தப்பும் இல்ல. மாஸ்டர் பீஸ்தான் ரிஜெக்ட்!"